பட்டன் பூப்பாறையில், மேக்ரோ சாந்தன்பாறையில்

போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். முதலாளிக்குக் கேரளப் பக்கம் மூன்று தோட்டங்கள்: சாந்தன்பாறை, பூப்பாறை, நெடுங்கண்டம். தோட்டத்துக்கு ஒரு எக்ஸெல் ஃபைல். விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு வழியாக மலைக்குப் போகும் பெண்களின் வருகையும் வாரக் கூலியும் அதில்தான் இருக்கின்றன.

சாந்தன்பாறை ஃபைலில் கூலிச் சீட்டு போட ஒரு மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிப் பட்டனில் மாட்டியிருந்தேன். நன்றாக ஓடவே, அந்த ஷீட்டை மற்ற இரண்டு ஃபைல்களுக்கும் காப்பி செய்தேன். பட்டனும் கூடவே போனது. அழுத்தினால் சீட்டும் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பூப்பாறைக்குப் போகும் அக்கா ஒருவர் சீட்டோடு வந்து நின்றார். "தம்பி, ஆறு நாளும் காயெடுத்தேன். நாலுன்னு போட்டிருக்கே?"

வருகை ஷீட்டில் ஆறுதான் இருந்தது. பதறிப்போய்ப் பட்டனில் வலது கிளிக் செய்து 'அசைன் மேக்ரோ' பார்த்தேன். மேக்ரோ பெயருக்கு முன்னால் சாந்தன்பாறை ஃபைலின் பெயர், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. ஷீட்டைக் காப்பி செய்தால் பட்டன் வரும். மாட்யூலில், அதாவது ஃபைலுக்குள் கோட் எழுதி வைக்கும் தனிப் பக்கத்தில், இருக்கும் மேக்ரோ வராது. பட்டன் பழைய ஃபைலையே கூப்பிடும். என் மேக்ரோ கோடில் 'திஸ்ஒர்க்புக்' என்று வேறு எழுதியிருந்தேன். அது கோட் இருக்கும் ஃபைலைத்தான் குறிக்கும், கண்முன் இருக்கும் ஃபைலை அல்ல. ஆகவே சீட்டில் பெயர் பூப்பாறை ஆளுடையது, நாள் கணக்கு சாந்தன்பாறை ஃபைலுடையது. சனிக்கிழமைகளில் மூன்று ஃபைலையும் திறந்தே வைத்திருப்பேன், அதனால் கண்ணில் படவில்லை.

முதலில் சீட்டுகள் எல்லாவற்றையும் வருகையோடு ஒப்பிட்டோம். இன்னும் ஐந்து பேருக்குக் குறைந்திருந்தது. அன்றிரவே கொடுத்தாயிற்று.

அப்புறம் ஆல்ட்+எஃப்11 அழுத்தி கோட் எடிட்டரைத் திறந்து, மாட்யூலை மற்ற இரண்டு ஃபைல்களுக்கும் இழுத்துப் போட்டேன். அசைன் மேக்ரோவில் 'திஸ் ஒர்க்புக்' (இங்கே இது கண்முன் இருக்கும் ஃபைல்) தேர்ந்தெடுத்து, அங்கிருக்கும் மேக்ரோவையே பட்டனுக்குக் கொடுத்தேன். எக்ஸ்எல்எஸ்எம் ஆகச் சேமிக்க வேண்டும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்தால் மேக்ரோ போய்விடும். எல்லா ஃபைலுக்கும் பொதுவாக மேக்ரோ வைக்கும் பர்சனல்.எக்ஸ்எல்எஸ்பி என்ற ஃபைலில் ஒரே இடத்தில் வைக்கலாம்தான். ஆனால் அது என் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். இந்த ஃபைல்களோ தோட்ட ஆபீசுக்கும் போகிறவை. கூலிக் கணக்குக்கு அந்தந்த ஃபைலிலேயே மேக்ரோ இருப்பதுதான் சரி.

இப்போதெல்லாம் மற்ற ஃபைல்களை மூடிவிட்டுத்தான் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். வேறொரு ஃபைல் தானாகத் திறந்தால் பட்டன் இன்னும் அங்கேதான் கட்டுண்டிருக்கிறது.