அதான்

மார்ச் 3, திங்கள்

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பார்க்கக் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

அன்று 6.10க்கு அப்பா கையிலிருந்து டம்ளர் விழுந்தது. 7.25க்கு ஆட்டோ.

மார்ச் 6, வியாழன்

பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "பழைய கட்டுரை ஒண்ணு எடுத்துப் போட்டுக்கவா?" வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ. போன மாதமே ஒப்புக்கொண்ட தலைப்பு, பேச்சை இழந்த ஒரு பாரீஸ்காரர்.

லூயி விக்டர் லெபோர்ன். பேச்சு போனபோது வயது முப்பது. பீசெத்ர் மருத்துவமனையில் 21 வருடம். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பதுதான் பதில். அங்கே எல்லோருக்கும் அவர் பெயரே 'தான்'. ஆங்கில வழியாக வந்த புத்தகங்களில் 'டான்' என்று போடுவார்கள். பிரெஞ்சில் நாக்கு பல்லைத் தொடும், நம் 'தா' மாதிரி. போன மாதம் இதைக் கண்டுபிடித்துவிட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

இங்கே அப்பாவுக்கு மிஞ்சியிருப்பது 'அதான்'. கதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார், ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று.

மார்ச் 7, வெள்ளி

மருந்துக்கு அதான். இட்லிக்கு அதான். அம்மா அழுததற்கும் அதான்.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கமில்லை. கணக்குப் போட்டேன்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நியூரான்கள் என்ற நரம்புச் செல்கள் சாகின்றன. 2006இல் வந்த மதிப்பீடு. போன வருடம் என் கட்டுரையில் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போட்டார்கள். டம்ளர் விழுந்ததிலிருந்து ஆட்டோவரை 75 நிமிடம். 19 லட்சத்தை 75ஆல் பெருக்கினால் 14 கோடியே 25 லட்சம்.

மூளையில் மொத்தம் 8,600 கோடி. (பத்தாயிரம் கோடி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்துவிடுங்கள் என்று இதுவரை எத்தனை வாசகர்களுக்குப் பதில் எழுதியிருப்பேன். வல்லாரைக்கு அடுத்தபடியாக அதுதான் அதிகம் வரும் கடிதம்.) 8,600இல் 14 என்றால் ஒரு சதவீதத்தில் ஆறில் ஒரு பங்கு. ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததில் பேச்சு இருந்திருக்கிறது.

சராசரி எண்ணைத் தனி ஆளுக்குப் பொருத்தக் கூடாது. தெரியும். அதையும் நானே எழுதியிருக்கிறேன்.

அந்தக் கட்டுரையின் ஓரத்தில் ஒரு கட்டம். முகம் கோணுகிறதா, கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, உடனே 108. நான் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். இரவு சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது, கொஞ்சம் படுக்கட்டும் என்று திரும்பி வந்து ஹிப்போகாம்பஸை, மூளையில் நினைவுக்கான அந்தப் பகுதியை, 'கடல்குதிரை' என்று எழுதலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 75 நிமிடம். கடைசியில் 108கூட இல்லை, ஆட்டோ.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும்போது மணி 8.50. "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்துட்டீங்க, நல்லது" என்றார் டாக்டர். நல்லதுதான்.

மார்ச் 11, செவ்வாய்

மூளைப் படத்தில் ஓர் அம்புக்குறி போட்டு 'பேச்சு இங்கே இருக்கிறது' என்று எழுதித் தர வேண்டுமாம். முடியாது என்றேன். 1861 ஏப்ரல் 17 அன்று லெபோர்ன் இறந்தார். மறுநாளே மூளையை மானுடவியல் சபையில் வைத்துக் காட்டினார், பேச்சுக்கு மூளையில் இடம் குறித்த பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா. ஆனால் அதை அவர் வெட்டிப் பார்க்கவில்லை. முழுசாகச் சாராயத்தில் போட்டு வைத்தார். அதனால்தான் 2007இல் எம்.ஆர்.ஐ. எடுக்க முடிந்தது. மேலே தெரிந்த குழியோடு சேதம் நிற்கவில்லை. உள்ளே ஆழமாக, ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நார்கள்வரை போயிருந்தது. அம்பை எங்கே போடுவது?

ஆசிரியர்: "வாசகருக்கு அவ்வளவு வேணாம்மா."

எனக்கு வேண்டும். இங்கே ஃபிலிமைப் பார்த்து டாக்டரும் விரலால் ஓர் இடத்தைத்தான் தொட்டுக் காட்டினார். பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெளுப்பு.

மார்ச் 13, வியாழன்

வீடு. பெல்ட் வைத்த கட்டில், வாடகைக்கு.

மார்ச் 15, சனி

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்தார், சின்னப் பெண். உதட்டைக் குவித்து ஊதச் சொன்னார். காற்று வலது ஓரமாகவே போகிறது. தம்பி எங்கிருந்தோ அந்தப் பழைய கண்டக்டர் விசிலைத் தேடி எடுத்து வந்தான். காக்கிச் சட்டைப் பையில் முப்பது வருடம் இருந்தது, பித்தளை தேய்ந்து வெளுத்துப்போயிருக்கிறது. வாயில் வைத்தோம். சத்தம் வரவில்லை, எச்சில்தான் வழிந்தது. துடைத்து, மறுபடி அவர் கையிலேயே கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

கட்டுரை முடிந்தது. எப்போதும்போல் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பதினோரு வருடப் பழக்கம். புரிந்தால் "அதான்" என்பார். புரியாவிட்டால் பேசாமல் ஜன்னலைப் பார்ப்பார், நான் திருப்பி எழுதுவேன். எனக்கு வாசகர் என்றால் அந்த ஒரு ஆள்தான்.

இப்போது ஒவ்வொரு பத்திக்கும் அதான்.

சந்தேகம் வந்தது. நடுவில் அதே குரலில், "மனித மூளை பெரும்பாலும் வெண்டைக்காயால் ஆனது" என்று சேர்த்துப் படித்தேன். நிமிர்ந்து பார்த்தார். "அதான்?" என்றார், கடைசியில் ஓர் இழுப்போடு. "ஆமாப்பா, ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க." இடது கையால் கட்டில் கம்பியில் ஒரு அடி. "அதான்! அதான்!" கோபம் என்றால் அப்படியொரு கோபம்.

லெபோர்னிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்று ப்ரோக்கா கேட்டபோது, கையை நான்கு முறை விரித்து ஒரு விரலை நீட்டினாராம், 21. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை கேட்டதும் தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்து, எதற்கும் 'தான்' என்றே சொன்ன வாயிலிருந்து கெட்ட வார்த்தை முழுசாக வந்ததாம்.

மன்னிப்புக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

அனுப்பவில்லை இன்னும். வெண்டைக்காய் வாங்கினேன், அம்மா கேட்டாள் என்று. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். கோணல் சிரிப்பு.

மார்ச் 22, சனி

பாட்டு, எண்கள், கிழமைகள் இவையெல்லாம் தேய்ந்த தடத்தில் தானாக ஓடி வரலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். ஞாயிறு திங்கள் வரவில்லை. ஒன்று இரண்டு வரவில்லை. பாட்டு அவருக்கு எப்போதுமே ஆகாது.

மதியம் கட்டில் கம்பியில் ரெண்டு தட்டு தட்டினேன். "திருச்சி, திருச்சி... திருவெறும்பூர்" என்றேன், டிக்கெட் போடுகிற குரலில்.

"துவாக்குடி" என்றார்.

துல்லியமாக. குழறலே இல்லாமல். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் திரும்பச் சொன்னேன். துவாக்குடி. செங்கிப்பட்டி. அவ்வளவுதான். வல்லம் வரவில்லை, தஞ்சாவூர் வரவில்லை. "துவாக்குடி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன். அதான் என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று காலை ஆறு மணிக்கு நான் எழுவதற்கு முன்னாலேயே கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். செங்கிப்பட்டி வரை. நாலு முறை. ஆசிரியரின் போனை எடுக்கவில்லை.