எண்ணைப் பார்க்கும் முன்பே எழுதிவிடுகிறோம்

எங்கள் மார்புநோய்ப் பிரிவில் எக்ஸ்ரே திறந்தாலே ஏஐ மதிப்பெண்ணும் கூடவே வந்துவிடும். சந்தேகமான இடத்தில் சிவப்பாக ஒரு திட்டு, ஓரத்தில் காசநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று காட்டும் ஓர் எண். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் காசநோயைக் கண்டறிய இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்ட் இல்லாத முகாம்களில் இது பேருதவி. அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

உறுத்தியது வேறு. பிஜி (முதுநிலை மருத்துவ) மாணவர்களின் கண் முதலில் அந்த எண்ணுக்குத்தான் போனது. எண் குறைவென்றால், காறையெலும்புக்குப் பின்னால் மறைகிற நுரையீரல் உச்சியை யாரும் மறுபடி தேடுவதில்லை. அதிகமென்றால் ஆறிப்போன பழைய தழும்பும் புதுநோயாகத் தெரிகிறது. பழைய தழும்புக்கு இந்த மென்பொருள்கள் அதிக எண் கொடுக்கக்கூடும் என்பது தெரிந்ததுதான். அதனால் எண்ணைப் பார்க்கும் முன்பே படத்தைப் படித்து, தன் முடிவைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும் என்று சிலர் சொன்னோம்.

"அனுபவம் இருந்தா ஏமாற மாட்டோம்மா" என்றார் சீனியர் ஒருவர். 2023-இல் 'ரேடியாலஜி' இதழில் வந்த ஆய்வை அவரிடம் காட்டினேன். 27 ரேடியாலஜிஸ்டுகள், 50 மேமோகிராம்கள் (மார்பக எக்ஸ்ரே). ஏஐ சொன்னதாகச் சில தவறான முடிவுகளையும் கலந்து கொடுத்திருந்தார்கள். அந்தத் தவறான படங்களில் புதியவர்கள் சரியாகச் சொன்னது 20 சதவீதத்துக்கும் குறைவு. நல்ல அனுபவசாலிகளே 82-லிருந்து ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு இறங்கியிருந்தார்கள். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

ஓபி கூட்டத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்விதான் கடைசிவரை நின்றது. அதனால் பதிவேட்டைச் சுருக்கினோம்: இயல்பு, சந்தேகம், காசநோய் போல என்று மூன்று கட்டங்கள், பக்கத்தில் இடம் எழுத ஒரு வரி. பேனாவில்தான் எழுத வேண்டும், எழுதியதை அடிக்கக்கூடாது. மென்பொருள்காரர்களிடம் கேட்டு எண்ணையும் திட்டையும் மறைத்து வைத்தோம். எழுதி முடித்த பிறகே திறப்போம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எண்ணைச் சொல்லாமல் இன்னொருவரிடம் படத்தைக் கொடுப்போம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், எண் என்னவானாலும் சளி சிபிநாட் என்ற காசநோய்க் கிருமி மரபணுப் பரிசோதனைக்குப் போகும்.

ஒரு மாணவி "வலது உச்சி, சந்தேகம்" என்று எழுதியிருந்தாள். திறந்தால் எண் மிகக் குறைவு. "மாத்திடவா மேடம்?" என்று பேனாவோடு நின்றாள். வேண்டாம் என்று படத்தை அடுத்தவரிடம் அனுப்பினேன். அவரும் உச்சியைத்தான் எழுதினார்.

இரவுப் பணியில் இன்னும் சிக்கல் இருக்கிறது. தலை சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு என்று ஏஐ எச்சரிக்கை படத்துக்கு முன்பே போனுக்கு வந்துவிடுகிறது. அங்கே தாமதம் ஆபத்து, மறைத்து வைக்க முடியாது. எச்சரிக்கை வராத படங்களையாவது இதே முறையில் படிக்கலாமா என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.