தொண்டை நோவும் கழுத்தின் பின்புற நெறிக்கட்டியும்: மகனின் சுரப்பிக் காய்ச்சலுடன் கடந்த ஆறு வாரங்கள்

மாரி மழை ஓய்ந்து எங்கள் ஊரான கல்லடியில் நுளம்பு பெருகியிருந்த தை மாதத்தில் உயர்தரம் படிக்கும் என் 17 வயது மகனுக்குக் காய்ச்சல் தொடங்கியதால், டெங்கு என்றே வீட்டில் எல்லோரும் அஞ்சினோம். மூன்றாம் நாள் செய்த பரிசோதனையில் டெங்கு இல்லையென்றும் குருதிச் சிறுதட்டுகள் குறையவில்லையென்றும் வந்தது. ஆனால் காய்ச்சல் விடவில்லை. தொண்டையின் இரு பக்கமும் வெண்மஞ்சளாகப் படலம் பிடித்து, அம்மம்மா ஆற்றிக் கொடுத்த உப்புக் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் அவன் கண்ணீர் விட்டான்.

அந்த இடத்தில்தான் நான் தவறினேன். வைத்தியரின் சீட்டு இல்லாமலே ஒரு மருந்துக் கடையில் அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் குளிக்க வார்க்கையில் முதுகும் நெஞ்சும் செந்தடிப்புகளால் நிறைந்திருந்ததைக் கண்டு கை நடுங்கிவிட்டது.

அன்று மாலை பார்த்த வைத்தியர் தொண்டையைப் பார்த்த பின், அவனுடைய கழுத்தின் பின்புறத்தைத் தடவி, என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவில் நெறிகள், அதாவது வீங்கிய நிணநீர்க் கணுக்கள், வரிசையாக நகர்ந்தன. சாதாரணத் தொண்டை அழற்சியில் தாடைக்குக் கீழே முன்பக்கமே பெரும்பாலும் நெறி கட்டும் என்றும், பின்பக்கமும் சேர்ந்து கட்டி, கண்ணிமை வீங்கி, எழும்ப முடியாத களைப்பும் இருந்தால் தொற்று மோனோநியூக்ளியோசிஸ் எனப்படும் சுரப்பிக் காய்ச்சலை நினைக்க வேண்டும் என்றும் விளக்கினார். இந்நோயில் அமொக்சிசிலின் கொடுத்தால் இப்படித் தடிப்பது வழக்கம் என்றும், அது பெரும்பாலும் நிரந்தர ஒவ்வாமை அல்ல என்றும் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது.

டெங்கில் வெண்குழியங்கள் குறைவதே வழக்கம். மகனின் குருதிப் பரிசோதனையிலோ அவை கூடியிருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் நிணநீர்க்குழியங்கள், அவற்றிலும் பல இயல்பற்ற வடிவில் இருந்தன. ஈரல் நொதியங்களும் சற்று உயர்ந்திருந்தன. இந்நோயை உண்டாக்கும், 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டைன்-பார் வைரசுக்கு எதிராக, புதிய தொற்றின்போது உடலில் உருவாகும் ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி நோயை உறுதிப்படுத்தியது. இது உமிழ்நீரால் பரவி, நான்கு முதல் ஆறு வாரங்களின் பின்பே நோயாக வெளிப்படுவதாலும், நோயின்றியே பலர் இவ்வைரசைச் சுமப்பதாலும், விளையாட்டுத் திடலில் யாருடைய தண்ணீர்ப் போத்தல் என்று தேடுவதை விட்டுவிட்டேன்.

வைரசைக் கொல்ல மருந்து தரவில்லை. ஓய்வு, இளநீர், உப்பு நீரில் கொப்பளித்தல், அளவு தவறாத பனடோல் ஆகியவையே சிகிச்சை. அஸ்பிரின் கூடாது. மூச்சுத் திணறினாலோ, உமிழ்நீரை விழுங்க முடியாவிட்டாலோ, இடது விலாவுக்குக் கீழே அல்லது இடது தோளில் திடீரென நோவெடுத்தாலோ இரவென்றும் பாராமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்றார்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இடது விலாவின் கீழுள்ள மண்ணீரல்; இந்நோயில் அது வீங்குவதுண்டு. அது வீங்கியிருக்கும்போது அடிபட்டால் வெடித்து உள்ளே குருதி பெருகலாம்; அரிதாக அடிபடாமலும் அப்படி நடக்கலாம். காய்ச்சல் இருந்த நாட்களைவிட அது விட்ட பின்பு வந்த நாட்களே எனக்குக் கடினமாக இருந்தன. மூன்றாம் வாரம் பந்துச் சப்பாத்துடன் வாசலில் நின்றவனை, "மனே, இன்னும் கொஞ்ச நாள் பொறுடா" என்று கெஞ்சித் தடுத்தேன். தண்ணீர்க் குடம், அரிசி மூடை எதையும் தூக்க விடவில்லை. டியூசனில் அவன் மேசையில் தலை சாய்த்ததைச் சோம்பல் என்று ஒருவர் சொன்னபோது மனம் நொந்து, மறுநாளே வைத்தியரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இக்களைப்பு சிலருக்கு மாதக் கணக்கில் நீடிக்கும் என்பதைப் பிள்ளையைச் சூழ இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

ஆறாம் வாரம் வயிற்றை அழுத்திப் பார்த்த வைத்தியர், மண்ணீரல் கையில் தட்டுப்படவில்லை என்று சொல்லி மெல்ல ஓடத் தொடங்க அனுமதித்தார். காய்ச்சல் விட்டும் பல மாதங்கள் உமிழ்நீரில் வைரஸ் இருக்கலாம் என்பதால், நீல நூல் கட்டிய அவனுடைய குவளையை அம்மம்மா இன்னும் தனித் தட்டில்தான் கவிழ்த்து வைக்கிறா.