அரைக் கட்டை வித்தியாசம்

"ரெக்கார்டுல என்ன இருக்கோ, அதைத்தான் தம்பி வாசிக்கணும்." எங்கள் மாஸ்டர் ஒத்திகைக்கு ஒத்திகை சொன்னது இது. 1992-லிருந்து ஆறு வருடம் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தேன். யாரும் நோட்ஸ் எழுதித் தர மாட்டார்கள். கேசட்டைப் போட்டு, நிறுத்தி, ரீவைண்ட் பண்ணி, இடையிசையில் வரும் வயலினைக் காதால் பிடித்து நாமே எழுதிக்கொள்ள வேண்டும். மாஸ்டர் வீட்டு டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்திருந்ததால், அங்கே கேட்டு எழுதினால் பாட்டின் சுருதி அரைக் கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடையிலான அளவு, இறங்கியிருக்கும். என் வீட்டில் எழுதினால் சரியாக இருக்கும். எது ரெக்கார்டில் இருப்பது, எது மெஷின் செய்த வேலை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

அந்தப் பழக்கத்தால்தான் ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' என்ற திகில் படத்து இசை என்னை இத்தனை வருடம் பிடித்து வைத்திருக்கிறது.

1960-ல் வந்த படம். இசை பெர்னார்ட் ஹெர்மன். ட்ரம்பெட் இல்லை, குழல் இல்லை, முரசு இல்லை, முழுக்க முழுக்க வில் போட்டு வாசிக்கும் வாத்தியங்கள்தான். முதல் வயலின் 14, இரண்டாம் வயலின் 12, வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வயோலா 10, இன்னும் தாழ்ந்த செல்லோ 8, எல்லாவற்றுக்கும் கீழே டபுள் பாஸ் 6. மொத்தம் 50 பேர். வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில் முதல் முறை பார்த்தபோது டைட்டில் முடிவதற்குள் என் வலது மணிக்கட்டு இறுகிப்போயிருந்தது. வில்லை அந்த வேகத்தில் வெட்டி வெட்டி இழுப்பது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியும் அல்லவா.

சில வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அந்தப் படத்தின் இசை முழுவதும் உள்ள சிடி ஒன்றைக் கொடுத்தார். வாத்தியக் குழுவை நடத்தியவர் ஹெர்மனேதான். வீட்டுக்கு வந்ததும் போட்டேன். அதே சுரங்கள், அதே வரிசை. ஆனால் மணிக்கட்டு இறுகவில்லை. வேகம் குறைந்திருந்தது, சுருதியும் இறங்கியிருந்தது. மாஸ்டர் வீட்டு பெல்ட்தான் உடனே ஞாபகத்துக்கு வந்தது. சிடியில் பெல்ட் ஏது?

உறையைப் படித்த பிறகுதான் புரிந்தது. அது படத்தில் ஒலித்த பதிவே இல்லை. 1975 அக்டோபரில் லண்டனில், நேஷனல் ஃபில்ஹார்மானிக் என்ற வாத்தியக் குழுவை வைத்து ஹெர்மன் திரும்ப வாசித்துப் பதிந்தது. நம் ஊரில் 'ரீ-ரெக்கார்டிங்' என்றால் படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் வேலை. இது வேறு. ஏற்கெனவே இருக்கும் இசையை வேறொரு நாள், வேறொரு கூடத்தில், வேறு ஆட்களை வைத்து முதலிலிருந்து வாசிப்பது. மறுபதிவு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இதை ஏன் செய்தார்கள் என்று அப்போது எனக்குக் கோபமே வந்தது. இருக்கிற டேப்பை அப்படியே தட்டில் போட்டால் என்ன? காரணம் பெரும்பாலும் காசுதான். அமெரிக்காவில் படத்துக்காக வாசித்ததை இசைத்தட்டாக விற்றால், வாசித்த கலைஞர்களுக்குச் சங்க விதிப்படி மறுபடி பணம் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் தட்டுக்கென்று தனியாக வாசித்துப் பதிவது, அதையும் ஐரோப்பாவில் போய்ப் பதிவது பல சமயம் மலிவாக முடிந்தது. ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹென்றி மான்சினி தன் படங்களின் இசையைப் படம் வந்த கையோடு தட்டுக்காகத் திரும்பப் பதிந்துவிடுவார். 1961-ல் வந்த 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' தட்டு அப்படிப்பட்டதுதான். மக்கள் அதைத்தான் படத்து இசை என்று நினைத்து வளர்ந்தார்கள். படத்தில் உண்மையில் ஒலித்தது 2013-ல்தான் தனியாக வெளிவந்தது.

சில இடங்களில் காசைவிடப் பெரிய காரணம் உண்டு. ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோ தன் இசை நூலகத்தில் இருந்த நோட்ஸ் கட்டுகளை 1970-ஐ ஒட்டிய வருடங்களில் குப்பைமேட்டுக்கு அனுப்பிவிட்டது. ஜான் வில்சன் என்ற இங்கிலாந்து நடத்துநர் பிற்பாடு அந்த ஸ்டுடியோவின் பாடல் படங்களின் இசையை ஒலித்தடத்தைக் கேட்டுக் கேட்டு எழுதி மீட்டிருக்கிறார். அதைப் படித்த அன்று மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். நாங்கள் வாராவாரம் செய்த வேலை அது.

சரி, 'சைக்கோ'வுக்கு வருகிறேன். சுருதி எதனால் இறங்கியது? பதில் சிடியில் இல்லை, நான் பார்த்த வீடியோவில் இருந்தது. சினிமா ஒரு நொடிக்கு 24 படம் ஓடும். நம் நாட்டு டிவியும் வீடியோவும் 'பால்' (PAL) முறை, நொடிக்கு 25. படத்தைக் கேசட்டில் ஏற்றும்போது அப்படியே 25-ல் ஓட்டிவிடுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும். சுருதியும் கூடவே ஏறும், கிட்டத்தட்ட அரைக் கட்டை; கணக்குப் பார்த்தால் அந்த அரைக் கட்டையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இத்தனை வருடம் நான் 'ஒரிஜினல்' என்று மனதில் வைத்திருந்ததே ஏற்றிவிட்ட சுருதிதான்! இது தெரிந்தபோது, வேக வித்தியாசமும் இதனால்தான், பாவம் ஹெர்மனைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று நம்பிவிட்டேன்.

அப்புறம் ப்ளூ-ரே வந்தது. அதில் படம் 24-லேயே ஓடும். நண்பர் வீட்டில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்ச்சும் சிடியுமாகப் பார்த்தோம். சுருதிப் பிரச்சினை தீர்ந்தது. வேகம் தீரவில்லை. 4 சதவீதம் என்பது இரண்டு நிமிட இசையில் ஐந்து நொடிகூட இல்லை. எங்களுக்குக் கிடைத்த வித்தியாசம் அதைவிடப் பெரியது. 1975-ல் ஹெர்மன் உண்மையாகவே நிதானமாக நடத்தியிருக்கிறார்.

படத்துக்கு வாசிக்கும்போது திரையில் ஓடும் நொடிதான் எஜமானன். கார் எந்த நொடியில் திரும்புகிறதோ அந்த நொடிக்குள் இசை முடிந்தாக வேண்டும். பதினைந்து வருடம் கழித்து அந்தக் கட்டாயம் இல்லை. அதுவும் தவிர, கடைசிக் காலத்தில் அவர் எதை நடத்தினாலும் மெதுவாகத்தான் நடத்தினார். ஹோல்ஸ்ட் என்ற இங்கிலாந்து இசையமைப்பாளரின் 'பிளானட்ஸ்' படைப்பை அவர் நடத்திய பதிவைக் கேட்டாலே தெரியும். மெதுவானதில் லாபமும் உண்டு. படத்தில் ஒரே உறுமலாகக் கேட்கும் இடங்களில் வயோலா தனியாக ஒரு வரி போவதை 1975 பதிவில்தான் முதலில் கேட்டேன். அந்த வரிக்காகவே அந்த சிடியை வைத்திருக்கிறேன்.

ஆனால் பயம் படத்தில்தான் இருக்கிறது. அதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. ஹெர்மன் இந்த இசை முழுவதையும் மியூட் மாட்டி வாசிக்கச் சொல்லியிருந்தார். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேல் சின்னக் கவ்வி மாட்டினால் வயலினின் பளபளப்பு போய்விடும், தொண்டை அடைத்த மாதிரி ஒலிக்கும். குளியலறைக் கொலை ஒன்றுக்கு மட்டும் மியூட் கிடையாது. உச்சியில் ஒரே சுரம் கீச்சிடும், அதோடு ஒட்டாத சுரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து சேரும். அந்த இடத்துக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னாராம். படத்தில் இதெல்லாம் மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், வறண்ட ஒலியில், திரைக்கு நடுவிலிருந்து நேராக முகத்தில் வந்து விழுகிறது. ஸ்டீரியோ மறுபதிவில் வயலின்கள் இடது பக்கம், பாஸ் வலது பக்கம். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது.

1990-களில் ஜோயல் மெக்நீலி என்ற நடத்துநர் ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ஒரு முழு மறுபதிவு செய்தார். ஒலி சுத்தம், வேகமும் படத்துக்கு நெருக்கம். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பேன். 1998-ல் படத்தையே காட்சிக்குக் காட்சி திரும்ப எடுத்தபோது இசையமைப்பாளர் டேனி எல்ஃப்மன் பொறுப்பில் இன்னொரு முறை பதிந்தார்கள். நன்றாகத்தான் வாசித்திருக்கிறார்கள், என்னிடம் அது தங்கவில்லை.

1960-ல் 'சைக்கோ'வுக்கு இசைத்தட்டே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960-களின் கடைசியில் ஹெர்மன் பதிந்த ஒரு தொகுப்பு, அப்புறம் இந்த முழுப் பதிவு. அதுவரை வீட்டில் கேட்க வேறு வழியே இல்லை. முழுப் பதிவை முடித்த அந்த டிசம்பர் 24-ம் தேதி அவர் இறந்துபோனார். அதனால் மாஸ்டரின் விதியை இந்த சிடியிடம் என்னால் கறாராகப் பிடிக்க முடிவதில்லை. எழுதியவரே வேறு மாதிரி வாசித்தால் 'ரெக்கார்டில் இருப்பது' எது?

போன மாதம் என்னிடம் வயலின் படிக்கும் நான்கு பேரை உட்காரவைத்து, டைட்டில் இசையின் முதல் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். மியூட் இரண்டுதான் இருந்தது. மற்ற இரண்டு பேருக்கு மரத் துணி கிளிப்பைப் பிரிட்ஜில் மாட்டிவிட்டேன், அதுவும் வேலை செய்யும். எல்லாரும் வில்லை எடுத்தாயிற்று. கடைசியில் உட்கார்ந்திருந்த பெண், "எந்த ஸ்பீடு சார்?" என்றாள்.

"படத்துல இருக்கிற ஸ்பீடு" என்றேன்.

எட்டாவது தாளக் கட்டத்துக்குள் நான்கு பேரும் நான்கு இடத்தில் இருந்தார்கள். கிளிப் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அதைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு, "சரி, 1975" என்றேன். வாசித்தார்கள். வயோலா வரியை அன்றைக்கு நான் வாசித்தேன்.