மிளகும் ஒரு பேஸின் மணலும்

கார்த்திகை மாசம், விடாத மழை. எங்கள் தெருமுனையில் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலில் எம்-சாண்டை, அதாவது கல்லை அரைத்துச் செய்கிற கட்டட மணலைக் கொட்டித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதற்கடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. மூன்றை யார் யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். தாயை ஒரு லாரி அடித்துப் போட்டது. மிச்சமிருந்த கறுப்புக் குட்டியை ஸ்கூல் பைக்குள் வைத்துக்கொண்டு என் மகள் வாசலில் வந்து நின்றாள். டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு ஏழு வாரம் இருக்கும் என்றார். மிளகு என்று பெயர் வைத்தாயிற்று.

அம்மா சொன்னது இவ்வளவுதான்: “பூஜை ரூம் பக்கம் வந்துச்சுன்னா நீயும் அதோட சேர்ந்து வெளியில போக வேண்டியதுதான்டா.”

சேலையூரில் வாடகை வீடு. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் நாள் மிளகு வீட்டுக்குள்ளேயே பதினோரு தடவை மூத்திரம் போனான், அதுவும் எங்கள் கண்ணில் பட்டது மட்டும். வாசல் மிதியடி, பாத்ரூம் மிதியடி, கட்டிலுக்கடியில், ஒரு தடவை என் லேப்டாப் பையின் மேல். உள்ளங்கை அளவு உடம்பில் இவ்வளவு தண்ணீர் எங்கேதான் இருந்ததோ.

தெரிந்தவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள். நியூஸ்பேப்பர் விரித்தால் பழகிக்கொள்வான் என்றார் ஆபீஸ் நண்பர். பழகிக்கொண்டான், அதுதான் வம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பாதி படித்துவிட்டுத் தரையில் போட்டிருந்த பேப்பரில், அதுவும் இன்னும் படிக்காத பக்கத்தில், நேராக வந்து உட்கார்ந்தான். அவன்மேல் தப்பில்லை. போகிற பேப்பர், படிக்கிற பேப்பர் என்று நாங்கள் பிரித்துச் சொல்லித்தரவில்லையே.

கீழ்வீட்டுக்காரர் சொன்னது இன்னொன்று: “மூக்கைப் பிடிச்சு அதுல வச்சுத் தேய்ங்க சார், ரெண்டே நாள்ல அடங்கிடும்.” எரிச்சலில் ஒரே ஒரு தடவை அப்படிச் செய்தேன். அதற்கப்புறம் எங்கள் எதிரில் போவதை நிறுத்திவிட்டு வாஷிங்மெஷினுக்குப் பின்னால் போக ஆரம்பித்தான். வீட்டுக்குள் போகக்கூடாது என்று அவனுக்குப் புரியவில்லை. இந்த ஆள் பார்க்கும்போது போகக்கூடாது என்றுதான் புரிந்திருக்கிறது. அந்த மெஷினை நகர்த்தித் துடைத்த ஒவ்வொரு நாளும் என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தப்பு பினாயில். ஒவ்வொரு தடவையும் அதைப் போட்டுத்தான் துடைத்தோம். வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது, இவனோ அதே இடத்துக்கே திரும்ப வந்தான். முதல் ஊசிக்குப் போனபோது டாக்டர் சிரித்தார். பினாயில் வாசனை நம் மூக்கைத்தான் ஏமாற்றும், அடியில் இருக்கும் மூத்திர வாடை நாய்க்கு அப்படியே தெரியும் என்றார். ஈரக்காலை நக்கினால் அந்த பினாயில் வயிற்றுக்குள்ளும் போகும். பாதி வினிகர், பாதி தண்ணீர் கலந்து துடைக்கச் சொன்னார். டைல்ஸ் தரை என்பதால் பயமில்லை. மார்பிளாக இருந்தால் வினிகர் பளபளப்பை அரித்துவிடும். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அவன் போன இடத்தைத் துடைத்த அதே மாப்பால் வீடு முழுக்க இழுத்துக்கொண்டிருந்தோம். அவன் வாடையை நாங்களே அறை அறையாகப் பூசியிருக்கிறோம். அவனுக்கென்று பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தனியாக வைத்தோம்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கத்தில் பால் கணக்கு, இஸ்திரிக் கணக்கு எழுதுவாள். ஒருநாள் ஃப்ரிட்ஜ் மேல் இருந்த தாளில் வேறு கணக்கு: “6.20 எந்திரிச்சான், 6.22 மிதியடி. 7.40 சாப்பாடு, 7.55 ரெண்டும். 9.10 பந்து விளையாட்டு, 9.20 சோபா.” புகார் செய்ய ஆதாரம் சேர்த்திருக்கிறாள் போல. நாலு நாள் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ரயில் டைம்டேபிள் மாதிரி இருந்தது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டுக் கால் மணி நேரத்துக்குள், ஆட்டம் போட்டால் பாதியிலேயே. இது எதுவும் இல்லாவிட்டாலும் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. அந்த வயசில் அவ்வளவுதான் அடக்க முடியும் என்று டாக்டரும் சொன்னார்.

நேரம் தெரிந்துவிட்டது. எங்கே கூட்டிப்போவது? கீழே தெருவுக்குக் கூடாது. நாய்க்குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்குமாம், ஊசிகள் எல்லாம் முடியும்வரை தரையில் விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பால்கனியில், மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்று கடையில் விற்கிற பேட் ஒன்றை விரித்தோம். அதை மிளகு கடித்துக் குதறி, பஞ்சை வீடெங்கும் பறக்கவிட்டான்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. அம்மா விளக்கேற்றிவிட்டுப் பால்கனிக்குப் போனவள் அலறினாள். துளசித் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்து, முகத்தில் ஒரு நிம்மதியோடு, காரியத்தை முடித்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் வரை அம்மா யாரோடும் பேசவில்லை. ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “மணல்ல பொறந்தது. அதுக்கு மண்ணுதானே தெரியும்.”

எனக்கு ஏன் அது தோன்றவில்லை? கண் திறந்ததிலிருந்து காலுக்கடியில் மணலையே உணர்ந்தவன் அவன். வழவழப்பான டைல்ஸைவிட மிதியடி கொஞ்சம் பரவாயில்லை என்று அதைத் தேடியிருக்கிறான். மறுநாள் காலையில் அந்தக் கட்டட மேஸ்திரியிடமே கேட்டு இரண்டு சிமெண்ட் சாக்கில் எம்-சாண்ட் வாங்கி வந்தேன். பழைய பெரிய பேஸின் ஒன்றில் நாலு விரக்கடை உயரத்துக்குக் கொட்டினேன். முந்தின நாள் துடைத்த துணியை அதன் நடுவில் பத்து நிமிஷம் புதைத்து வைத்து எடுத்தேன். துளசித் தொட்டி பால்கனிக் கம்பிக்கு மேல் ஏறியது.

எழுந்ததும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். வழியில் இறக்கிவிட்டால் அங்கேயே ஆகிவிடும். பேஸினில் விட்டுவிட்டுப் பேசாமல் நிற்போம். கொஞ்ச வேண்டும் என்று கை துறுதுறுக்கும், ஆனால் கொஞ்சினால் விளையாட ஆரம்பித்துவிடுவான். போகும்போது மட்டும் மெதுவாக “உச்சா, உச்சா”. முடித்த அந்த நொடியிலேயே மொச்சைக்கொட்டை அளவு வேகவைத்த ஈரல். உள்ளே வந்தபிறகு கொடுத்துப் பிரயோஜனமில்லை, உள்ளே வந்ததற்குத்தான் கூலி என்று நினைத்துக்கொள்வான். வெள்ளிக்கிழமைகளில் ஈரலுக்குப் பதில் தேங்காய்ச் சில்லு. அம்மாவின் உத்தரவு.

பாலையும் நிறுத்தினோம். பால்சோறு போட்டவரை வயிற்றுப்போக்கு ஓயவில்லை. நாலு வேளை, மாறாத நேரம், கடைசிச் சாப்பாடு ஏழரைக்கு. ராத்திரி என் கட்டில் ஓரத்தில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் படுக்கை. படுக்கிற இடத்தை நாய் முடிந்தவரை அசுத்தம் செய்யாது, முனகி எழுப்பும். இருந்தாலும் 11, 2, 5 என்று அலாரம் வைத்தேன். மூன்று வாரத்தில் இரண்டு மணி அலாரத்தை எடுத்துவிட்டேன். அந்த மூன்று வாரம் ஆபீஸ் மீட்டிங்கில் நான் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது.

ஒன்பதாவது நாள் காலண்டர் தாளில் எல்லா வரியிலும் “பேஸின்”. பத்தாவது நாள் சோஃபா. ஏறியும் இறங்கியும்தான் போனது. போகிக்குத் தெருப் பிள்ளைகள் மேளம் அடித்தபோது நின்ற இடத்திலேயே போய்விட்டான். பொங்கலுக்கு வந்த என் மாமா “அடடே!” என்று குனிந்தார், அவர் காலிலேயே ஆயிற்று. பயத்திலும் குஷியிலும் தானாகப் போவது வேறு கணக்கு, அதைத் தப்பென்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அதற்கப்புறம் வருகிறவர்களிடம் முதல் ஐந்து நிமிஷம் அவனைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். மாமாதான் கொஞ்சம் கோபித்துக்கொண்டார்.

ஜனவரி கடைசியில் ஊசிகள் முடிந்து கீழே இறக்கினோம். எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தால், முக்கால் மணி நேரம் நடந்தும் ஒரு சொட்டு போகவில்லை. மாடிக்கு வந்ததும் பால்கனிக்குப் பாய்ந்தான். இப்படியே ஐந்து நாள். அதற்கும் மருந்து மணல்தான். பேஸினிலிருந்து இரண்டு பிடி, ஈரமான பக்கமாகப் பார்த்து, கவரில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்துக் காலிமனை ஓரத்தில் தூவினேன். மோந்தான், சுற்றினான், என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “உச்சா” என்றேன். போனான். காலை ஆறு மணிக்கு நடுத்தெருவில் ஒரு ஆள் நாய்க்குக் கைதட்டுவதைப் பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

மேலே பால்கனியிலிருந்து அம்மா கேட்டாள்: “ஆச்சாடா?”

“ஆச்சும்மா.”

“மணி என்ன?”