ரயில் போன வழியில் சைக்கிள்: பர்கண்டியில் நான்கு நாட்கள்

ரயிலுக்கு மேடு ஆகாது. அதனால் பாதை போட்டவர்கள் குன்றுகளை ஒதுக்கிவிட்டு, பள்ளத்தாக்கை ஒட்டியே வளைந்து வளைந்து போவார்கள். வேறு வழியே இல்லை என்றால்தான் சுரங்கம் குடைவார்கள். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் அப்படிப் போட்ட ஒரு கிளைப் பாதையில் ரயில் நின்று, தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். 1997இல் அதில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டருக்குத் தார் போட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கொடுத்தார்கள். பிரான்ஸின் முதல் 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை, இதுதான்.

அந்தப் பாதைக்காகத்தான் நானும் தம்பியும் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை பாரிஸிலிருந்து கிளம்பினோம். திஜோன் வழியாக லியோன் போகும் 'டெஎர்' என்ற வட்டார ரயிலில் சைக்கிளைக் கழற்றாமல் அப்படியே ஏற்றலாம். இறங்கியது போன் நகரத்தில். அங்கே 1443இல் கட்ட ஆரம்பித்த பழைய மருத்துவமனை இருக்கிறது. அதன் பலவண்ண ஓட்டுக் கூரையைப் பார்க்கவே ஊரில் கூட்டம். நாங்களும் பார்த்தோம், ஆனால் மனசு சாலையில் இருந்தது.

போனிலிருந்து சாந்த்னே வரை 22 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சைக்கிள் பாதை. பொமார், வொல்னே, மெர்சோ, புலின்யி மோன்ராஷே என்று மது பாட்டில்களில் அச்சான பெயர்களெல்லாம் இங்கே ஊர்ப் பலகைகள். நான் மது குடிப்பதில்லை. இருந்தும் அந்த நிலத்தின் கணக்கு என்னை இழுத்துக்கொண்டது. இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர், தனி எல்லை, தனி மதிப்பு. அந்தத் துண்டை 'க்ளிமா' என்கிறார்கள். 2015இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகமே பேசும் மோன்ராஷே தோட்டத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 8 ஹெக்டேர்தான். நடுச் சரிவில், இடுப்பளவு கல் சுவருக்குப் பின்னால் அமைதியாகக் கிடக்கிறது. சாலையைத் தாண்டினால் வேறு பெயர், வேறு விலை.

சைக்கிளை நிறுத்தி ஒரு செடியின் அருகே உட்கார்ந்தேன். முழங்கால் உயரம்கூட இல்லாத அடிமரம், கறுத்து முறுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வெளிறிய பச்சையில் புதுத் துளிர்கள். ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பு. ஒரு பெண்மணி வரிசை வரிசையாகக் குனிந்து, வேண்டாத துளிர்களைக் கட்டைவிரலால் ஒடித்துக்கொண்டே போனார். ஒரு செடிக்குச் சில நொடிதான், ஆனால் ஒவ்வொரு செடியையும் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. உயரமான நான்கு கால்களில் நிற்பதுபோல, செடி வரிசைக்கு மேலேயே காலை அகட்டிக்கொண்டு ஓடும் டிராக்டர். வரிசைகள் அவ்வளவு நெருக்கம், சாதாரண டிராக்டர் உள்ளே நுழைய முடியாது.

சாந்த்னேக்குப் பிறகு கால்வாய்க் கரை வழியாக ஷாலோன். மதகுகள், மதகுக்காரர் வீடுகள், தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். சமதளம், வேகமாகப் போய்விடலாம்.

மறுநாள் ஜிவ்ரியில் பசுமைப் பாதை ஏறினோம். முதுகில் வடக்குக் காற்று. 'பீஸ்' என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லும் குளிர்காற்று. அதற்காகவே இந்த வழியைத் தெற்கு நோக்கிப் போவது நல்லது. பழைய ரயில் நிலையங்கள் அப்படியே நிற்கின்றன. இருபுறமும் வேலிப் புதர், அதற்கப்பால் புல்வெளியில் வெள்ளை வெளேர் என்று ஷரோலே மாடுகள், கன்றுகளோடு. அகாசியா பூத்திருந்த சமயம். சில இடங்களில் அரை கிலோமீட்டருக்கு வாசனையை மட்டுமே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓட்டினோம். குழந்தையை ட்ரெய்லரில் வைத்து இழுத்துப்போகும் அப்பாக்கள், ஊன்றுகோலோடு நடக்கும் பாட்டிகள், எல்லோருக்கும் இடம் இருந்தது. கார் பயமே இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓட்டுவது என்ன மாதிரியான நிம்மதி என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாதையிலேயே போய் இதிலேயே திரும்புகிறவர்கள் இந்த ஊரின் பாதியைத்தான் பார்க்கிறார்கள். ரயில் ஒதுக்கிவிட்டுப் போன மேடுகளில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

அதனால் மூன்றாம் நாள் கொர்மதானில் பாதையை விட்டு இடதுபக்கம் திரும்பினோம். முதலில் ஷப்பேஸ். விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள், நடுவே 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், ஊரையே சின்னதாக்கும் மணிக்கோபுரம். அங்கிருந்து சாலை அலை அலையாக எழும்பித் தாழ்ந்து போகிறது. இறக்கத்தில் வந்த வேகம் அடுத்த ஏற்றத்தில் பாதி தூரம் தள்ளிவிடும், மீதிப் பாதியை நாம்தான் மிதிக்க வேண்டும். ஏற்றம் கண்ணில் பட்டதுமே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாரம் பெடலில் ஏறிய பிறகு மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும்.

அன்று திங்கட்கிழமை. பிரெஞ்சுக் கிராமங்களில் திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் முந்தின நாள் ரொட்டி வாங்கி வைக்க மறந்துவிட்டேன். வழியில் இருந்த பேக்கரி மூடியிருந்தது. பையில் இருந்ததெல்லாம் இரண்டு ஆப்பிளும், ஒரு சின்ன மகோன் ஆட்டுப்பால் சீஸும்தான். தண்ணீர் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

அப்போதுதான் தம்பி ஒரு கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். இங்கே நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குப் பழக்கமான வழி இது. கல்லறைப் பூக்களுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்க ஆகாத தண்ணீர் என்றால் பெரும்பாலும் பலகை வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

"அக்கா, தண்ணி வருது. பலகை ஒண்ணும் இல்ல."

"முதல்ல கொஞ்சம் ஓட விடுடா, அப்புறம் பிடி."

சில்லென்ற தண்ணீர். பக்கத்தில் வரிசையாகப் பச்சை பூவாளிகள் தொங்கின. காய்ந்துகொண்டிருந்த ஒரு தொட்டிக்குத் தம்பி ஒரு பூவாளி நிறைய ஊற்றிவிட்டு வந்தான். கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம்.

ப்ரான்சியோன் ஏற்றத்தின் கடைசிப் பகுதி காலைப் பிடித்தது. மேலே ஒரு கோட்டை, 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதன் சுவரில் மங்கிய ஓவியங்கள். வாசலுக்கு வெளியே புல்தரையில் உட்கார்ந்து ஆப்பிளையும் சீஸையும் பங்கு போட்டோம். கீழே மடிப்பு மடிப்பாக மேய்ச்சல் நிலம், காடு, மறுபடி மேய்ச்சல் நிலம். முந்தின நாள் முழுக்க நாங்கள் இந்தக் குன்றுகளின் காலடியில்தான் வந்திருக்கிறோம், ஒன்றைக்கூட ஏறிப் பார்க்காமல்.

மாலை தைஸே வழியாக க்ளூனி. 910இல் தொடங்கிய மடம் அது. 1088இல் கட்ட ஆரம்பித்த அதன் மூன்றாவது தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமின் புனித பேதுரு தேவாலயம் எழும்பும்வரை கிறிஸ்தவ உலகத்தில் அதைவிடப் பெரியது கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் வெடி வைத்துத் தகர்த்துக் கல்லாக விற்றார்கள். மறுநாள் காலை, பழைய வாசலின் தூண் அடிகளுக்கு நடுவே நின்று, மிஞ்சியிருக்கும் ஒற்றைக் கோபுரத்தைப் பார்த்தேன். அவ்வளவு தள்ளி நின்றது. இடையில் இருந்த அத்தனையும் தேவாலயம்தான். இன்று அந்த இடைவெளியில் தெருவும் கட்டடங்களும் இருக்கின்றன. மடத்தின் கல்லை வைத்தே குதிரைப் பண்ணையும் கட்டியிருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்தது. இடித்த கோவிலுக்கு முன்னால் நிற்கும்போது அது யாருடைய கோவில் என்று மனசு கேட்பதில்லை.

க்ளூனியைத் தாண்டினால் 'புவா க்ளேர்' சுரங்கம், 1.6 கிலோமீட்டர். வெயிலிலிருந்து நுழைந்ததும் உடம்பு சிலிர்த்தது, ஜாக்கெட் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் உறங்குவதால் மூடிவிடுவார்கள், அப்போது மேட்டின் மேலேதான் சுற்றிப் போக வேண்டும். மறுபக்கம் வெளியே வந்தபோது மறுபடியும் திராட்சைத் தோட்டங்கள். கூரைகள்கூடச் சரிவு குறைந்து தெற்கத்திச் சாயலுக்கு மாறியிருந்தன.

கடைசி ஏற்றம் சொலுத்ரே. 493 மீட்டர் உயரப் பாறை, கப்பலின் முகப்புபோல ஒரு பக்கம் செங்குத்தாக நிற்கிறது. அடிவாரத்தில் குவியல் குவியலாகப் பழங்காலக் குதிரை எலும்புகள் கிடைத்தன. கற்காலத்தின் ஒரு கட்டத்துக்கே இந்த ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறினோம். கிழக்கே சோன் ஆற்றுச் சமவெளி. வானம் தெளிவாக இருந்தால் ஆல்ப்ஸ் மலையின் மோன் ப்ளான் சிகரம் தெரியும், அன்று வெறும் புகைமூட்டம். வடக்கே எங்கள் பாதையைத் தேடினேன். மரங்களுக்கும் குன்றுகளுக்கும் இடையில் எங்கோ மறைந்துவிட்டது.

"அதோ, அந்த மேட்டுக்குப் பின்னாலதான் சுரங்கம்" என்றான் தம்பி. "அடுத்த தடவை மேல வழியா வரலாமா, அக்கா?"

மகோன் ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நேர்வழியை விட்டுவிட்டு, ஃபுயிஸ்ஸே பக்கம் திரும்பி இறங்கினோம்.