தபால்தலைக்குள் 192 அடிக் கோபுரம்

2018 கிறிஸ்துமஸுக்கு அத்தைக்கு அனுப்பும் வாழ்த்து அட்டையில் தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்துக் கிறிஸ்தவக் கோயில் படம் போட்ட தபால்தலையைத்தான் ஒட்ட வேண்டும் என்று நவம்பரிலேயே முடிவு செய்துவிட்டேன். அத்தை பிறந்து வளர்ந்த ஊர் அது. முழங்கால் வலி வந்து மதுரையில் மகள் வீட்டோடு தங்கிய பிறகு அவர் ஊர்ப்பக்கம் போயே மூன்று வருடம் ஆகியிருந்தது.

தபால் துறையில் 2011 முதல் ‘மை ஸ்டாம்ப்’ என்ற திட்டம் இருக்கிறது. 5 ரூபாய் தபால்தலையை ஒட்டினாற்போல் ஒரு வெற்றுக் கட்டம் இருக்கும். நாம் கொடுக்கும் படத்தை அதில் அச்சடித்துத் தருவார்கள். ஒரு தாளில் 12 தபால்தலைகள், அப்போது விலை 300 ரூபாய்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்துத் தபால் நிலையத்தில் விசாரித்தேன். “ஆள் படம்தான் சார் போடலாம், கட்டடம் எல்லாம் முடியாது” என்று சொல்லிவிட்டார்கள். அதை நம்பி ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். அது தவறான தகவல். பாரம்பரியக் கட்டடங்களின் படத்தைத் தாராளமாகப் போடலாம் என்று விதியிலேயே இருக்கிறது.

அப்புறம் சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்துக்குப் போனேன். அங்கே தபால்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு, 1913இல் கட்டிய பழைய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடத்தில் இயங்குகிறது. ஒரு காலத்தில் ஊமைப்படம் ஓடிய கூடத்தில் இப்போது தபால்தலை வாங்குகிறோம்! விண்ணப்பத்தை நிரப்பி, ஆதார் நகலில் கையெழுத்துப் போட்டு, படம் என்னுடையதுதான் என்று உறுதிமொழியும் கொடுத்தேன். இதெல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

சிக்கல் படத்தில்தான் வந்தது. மெஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயம், வேல்ஸிலிருந்து வந்த மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கட்டியது. 1847இல் பிரதிஷ்டை ஆனது. கோபுரம் 192 அடி. தேரி என்னும் செம்மணலும் பனையுமாகக் கிடக்கும் காட்டுக்கு நடுவே ஊசி மாதிரி நிற்கும். வாசலில் நின்று நான் எடுத்திருந்த படத்தைக் கணினித் திரையில் கட்டத்துக்குள் வைத்துப் பார்த்தால் உச்சியில் இருந்த குருசை (சிலுவையை) காணோம். குருசைக் கொண்டுவந்தால் கோயில் வாசல் போய்விட்டது. முழுப் படத்தையும் சுருக்கினால் வெயிலில் வெளுத்த வானத்தோடு கோபுரம் கரைந்துபோனது. தீப்பெட்டியை விடச் சிறிய கட்டம் அது, என்ன செய்வது? “வேற படம் இருந்தா கொண்டு வாங்க சார், அவசரப்பட்டு அடிச்சா மாத்த முடியாது” என்றார் அங்கிருந்த அம்மா. அவர் பொறுமையாகச் சொன்னதற்கு இன்றும் நன்றி.

ஊரில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். “கிட்டப் போகாதே. பனங்காட்டுப் பக்கம் தள்ளி நின்னு, காலை வெயில் கோயில் மேல விழும்போது எடு” என்று சொன்னேன். மூன்று நாள் காலையில் போய் நின்று எடுத்து அனுப்பினான். மூன்றாம் நாள் படத்தில் வானம் நல்ல நீலம். கீழே இரண்டு பனை, நடுவே கோபுரம், உச்சியில் குருசு. தலைக்கு மேலே கொஞ்சம் இடமும் இருந்தது. அதை அச்சடித்த தாளைக் கையில் வாங்கியபோது இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். படம் இருக்கும் பகுதியை மட்டும் கிழித்து ஒட்டினால் அது செல்லாது. தபால்கட்டணமாகச் செல்லுவது பக்கத்தில் இருக்கும் 5 ரூபாய் தபால்தலைதான். இரண்டையும் சேர்த்தே ஒட்டுங்கள். எடையையும் பாருங்கள். 20 கிராமுக்கு 5 ரூபாய். என் அட்டை கவரோடு 27 கிராம் வந்தது, ஆகவே கவருக்கு இரண்டு ஒட்டினேன். குறைவாக ஒட்டியிருந்தால் அத்தையிடம் குறைந்த தொகையைப் போல இரண்டு மடங்கு வசூலித்திருப்பார்கள்.

அட்டைகளைச் சென்னையிலேயே போட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. டிசம்பர் 20 ஊருக்குப் போனபோது எடுத்துப்போய் மெஞ்ஞானபுரம் தபால் நிலையத்திலேயே கொடுத்தேன். முத்திரை தெளிவாக விழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கவரை வாங்கியவர் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். “நம்ம கோயில்லா இது!” என்றவர், முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, கோபுரத்தின் மேல் படாமல் தபால்தலையின் ஓரமாக அழுத்திக் குத்தினார். ஊர்ப் பெயரும் தேதியும் வட்டமாகப் பதிந்தன.

24ஆம் தேதி மதியம் அத்தை போன் பண்ணினார். “யய்யா, குருசு கூடத் தெரியுதேய்யா” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேத்திதான் போனை வாங்கிச் சொன்னாள், மேலே கிழிக்கவிடாமல் கவரின் அடிப்பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்ட வைத்துத்தான் ஆச்சி அட்டையை வெளியே எடுத்தாராம்.